ஸ்லட்ஜ் கம்போஸ்ட் போட்ட நிலத்துல ஏதோ சரியில்லையா? அறிகுறிய வச்சு கண்டுபிடிக்கிற வழி

செங்கல் சூளைக்கு மேல்மண்ண அள்ளிக் குடுத்துட்டு, மிச்சம் இருக்கிற சுக்கான் மண்ணுல (சுண்ணாம்பு கலந்த மண்ணு) எத விதைச்சாலும் வரமாட்டேங்குதுன்னு நிக்கிற நிலம் கொங்குப் பக்கம் நிறைய இருக்கு. தொழுவுரம் கிடைக்கிறது கஷ்டம், கிடைச்சாலும் வண்டி வாடகையோட சேத்தா கட்டுப்படியாகாது. அதனால எஸ்டிபில (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) வர்ற ஸ்லட்ஜ், அதாவது தண்ணிய சுத்தம் பண்ணின பிறகு மிஞ்சற கசடு, இல்லன்னா மலக்கசடு (செப்டிக் டேங்க் கசடு) சுத்திகரிப்பு நிலையத்துல காயவச்ச கசடு, இத கம்போஸ்ட் ஆக்கிப் போடலாமான்னு கேக்கறவங்க அதிகமாயிட்டாங்க. போடலாம். அமெரிக்காவுல பென்சில்வேனியா பக்கம் பாமர்டன்னு ஒரு ஊர்ல துத்தநாக ஆலை புகையால மலைச்சரிவே மொட்டையா போயி, 1990கள்ல கழிவுநீர் ஸ்லட்ஜையும் நிலக்கரி சாம்பலையும் கலந்து அடிச்சுதான் அங்க திரும்ப புல்லு பிடிக்க வச்சாங்க. நம்ம பக்கத்துல பெங்களூரு தாண்டி தேவனஹள்ளியில மலக்கசட ஊர்க் குப்பையோட சேத்து மக்க வச்சு விவசாயிகளுக்கு குடுத்திருக்காங்க.

போட்ட பிறகு "எல்லாம் கருகிடுச்சு", "புழு வருது", "பக்கத்துக்காரர் சண்டைக்கு வர்றார்"னு புலம்பல் வரும்போது முக்காவாசி பேர் பாக்கிறது செடிய மட்டும்தான். கோளாறு பெரும்பாலும் குவியல்ல இருக்கும், இல்லன்னா லாரி எங்கருந்து வந்துச்சுங்கிறதுல இருக்கும். அதனால கீழ எந்த அறிகுறி பாத்தாலும் பின்னோக்கி போங்க, செடிலருந்து மண்ணுக்கு, மண்ணுலருந்து குவியலுக்கு, குவியல்லருந்து லோடு ஏத்தின இடத்துக்கு.

எதுக்கும் முன்னாடி: அந்த லோடு என்னது?

ஸ்லட்ஜ்னு ஒரே பேர்ல நாலு சரக்கு வருது, நாலும் வேற வேற.

வீட்டுக் கழிவுநீர் மட்டும் வர்ற எஸ்டிபியோட ஸ்லட்ஜ், இதுதான் நமக்கு வேண்டியது. மலக்கசடு நிலையத்துல காய்ஞ்ச கசடு (தமிழ்நாட்டுல முதல்ல வந்தது கருங்குழில), இதுவும் ஓகே, ஆனா காயவச்சது மட்டும் போதாது, ஏன்னு கீழ சொல்றேன். மூணாவது செப்டிக் டேங்க் லாரிக்காரர் "சும்மா தர்றேன் அண்ணா, தோட்டத்துல இறக்கிக்கோங்க"ன்னு நேரா கொண்டு வர்ற பச்சைக் கசடு, அது சுத்திகரிக்காத மலம், அவ்ளோதான், அத வாங்காதீங்க. நாலாவது சாயப்பட்டறை, தோல் தொழிற்சாலை பொது சுத்திகரிப்பு நிலையத்துல வர்ற ஸ்லட்ஜ். திருப்பூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் இருக்கிறவங்க இத ரொம்ப கவனமா கேளுங்க. சாயக்கழிவுல உப்பு, தோல் கழிவுல குரோமியம், ரெண்டும் அபாயகரமான கழிவு, எத்தன வருஷம் மக்க வச்சாலும் அது உரம் ஆகாது, உலோகம் மக்கிப் போற பொருளே கிடையாது. எங்கருந்து வருதுன்னு லாரிக்காரரால தெளிவா சொல்ல முடியலன்னா லோட திருப்பி அனுப்பிடுங்க.

நல்ல இடத்து சரக்குன்னாலும் ஒரு தடவ லேப்ல குடுங்க. நம்ம உரக் கட்டுப்பாட்டு ஆணையில நகர கம்போஸ்டுக்கு வச்சிருக்கிற அளவு, கிலோவுக்கு மில்லிகிராம் கணக்குல: காட்மியம் 5, குரோமியம் 50, நிக்கல் 50, ஈயம் 100, தாமிரம் 300, துத்தநாகம் 1000. அமெரிக்கால இதவிட ரொம்ப தாராளமா விட்டிருக்காங்க, துத்தநாகமே 2800 வரைக்கும், அத காட்டி "அங்க ஓகே, இங்க என்ன"ன்னு விக்கிறவங்க உண்டு. நம்ம அளவயே பிடிச்சுக்கோங்க.

"குவியல் சூடே ஆகல"

இந்த ஒண்ணு சரியானா கீழ இருக்கிற பாதி பிரச்சனை வராது, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

சூடு எதுக்குன்னா கிருமிக்கும் குடல்புழு முட்டைக்கும். உருண்டைப் புழு முட்டை ரொம்ப கெட்டி, வெயில்ல காய்ஞ்ச கசடுலயும் மாசக்கணக்கா உயிரோட கிடக்கும், மண்ணுக்குள்ள போனா வருஷக்கணக்குல கூட. அதனாலதான் காயவச்ச கசடு "வாசம் இல்ல, மண்ணு மாதிரி இருக்கு"ன்னு நம்பி அப்படியே போடக்கூடாது. நீளக் குவியலா போட்டு மக்க வைக்கிறதுக்கு அமெரிக்க விதிப்படி 55 டிகிரிக்கு மேல 15 நாள், அதுக்குள்ள அஞ்சு தடவ புரட்டணும். புரட்டறது எதுக்குன்னா வெளிப்பக்கம் இருக்கிறது உள்ள போயி எல்லாமே அந்த சூட்ட வாங்கணும், மேலாக்கா கிளறி விட்டுட்டு புரட்டிட்டேன்னா பிரயோஜனம் இல்ல.

சூடு ஏறலன்னா வரிசையா இத பாருங்க.

ஒரு கைப்பிடி எடுத்து பிழிங்க. தண்ணி ஒழுகுதா? ஈரம் ஜாஸ்தி. எஸ்டிபி மெஷின்ல பிழிஞ்சு வர்ற கேக்குலயே நூத்துக்கு எண்பது பங்கு தண்ணிதான், பாக்க கெட்டியா இருக்கும், ஏமாந்துடாதீங்க. கை நனையணும், சொட்டக்கூடாது, அந்த பதம்தான் அம்பது அறுபது சதவீத ஈரம். காய்ஞ்ச எல, கரும்புத் தோகை, மரத்தூள், தென்னை நார்க்கழிவு எதாவது சேருங்க. ஸ்லட்ஜுல நைட்ரஜன் அதிகம் கார்பன் கம்மி, கார்பன்-நைட்ரஜன் விகிதம் பத்துக்கும் கீழதான் இருக்கும், நமக்கு 25லருந்து 30 வேணும், அதனால கன அளவுல ஒரு பங்கு ஸ்லட்ஜுக்கு ரெண்டு மூணு பங்கு காய்ஞ்ச சரக்குன்னு ஆரம்பிங்க.

ஈரம் சரி, கலவையும் சரி, அப்பவும் சூடு இல்லையா? குவியல் சின்னதா இருக்கும். மூணடி உயரம் மூணடி அகலத்துக்கு கீழ போனா சூடு நிக்காது, நாலஞ்சு அடியா ஏத்துங்க. அதுவும் சரின்னா சரக்கு பழசு. டைஜஸ்டர்ல (நிலையத்துல காத்தில்லாம செரிக்க வைக்கிற தொட்டி) நல்லா செரிச்சு, அப்புறம் படுகையில மாசக்கணக்கா காய்ஞ்ச கசடுல நுண்ணுயிருக்கு தீனி மிச்சம் இருக்காது, பச்சைச் சாணி, மார்க்கெட் காய்கறிக் கழிவுன்னு எதாவது சேத்தாதான் கிளம்பும். ஐப்பசி கார்த்திகை மழைல திறந்து போட்டிருந்தா காரணமே தேட வேண்டாம், தார்ப்பாய் போடுங்க.

நீளத் தண்டு தெர்மாமீட்டர் வாங்கிடுங்க, பெரிய விலை இல்ல. கம்பிய சொருகி அர மணி கழிச்சு பிடிச்சுப் பாக்கிற முறை "சூடா இருக்கா இல்லையா"ங்கிறதுக்கு மட்டும் ஆகும், 45க்கும் 55க்கும் வித்தியாசம் கைக்கு தெரியாது, நமக்கு அந்த வித்தியாசம்தான் முக்கியமே.

"வயல்ல போட்ட இடமெல்லாம் தக்காளிச் செடி முளைக்குது"

நிறைய பேர் இத சந்தோஷமா போட்டோ எடுத்து அனுப்புறாங்க, மண்ணு நல்லா இருக்காம். தக்காளி விதை மனுஷன் வயித்துல செரிக்காம அப்படியே வெளிய வரும், குவியல் ஒழுங்கா சூடாகியிருந்தா விதை செத்திருக்கும். தக்காளி முளைக்குதுன்னா சூடு போதல, விதையே பிழைச்சிருக்குன்னா புழு முட்டையும் பிழைச்சிருக்கும்னுதான் எடுத்துக்கணும். கொய்யா, மிளகாய் முளைச்சாலும் அதே கதைதான்.

என்ன பண்றது? நிலத்துல போட்டாச்சுன்னா திரும்ப அள்ள முடியாது. அந்த நிலத்துல பச்சையா சாப்பிடற எதையும் இப்போதைக்கு வைக்காதீங்க. முழுசா கிருமி போகாத ஸ்லட்ஜுக்கு அமெரிக்கால வச்சிருக்கிற காத்திருப்பு கணக்க அப்படியே பிடிச்சுக்கலாம்: மண்ண தொடுற மாதிரி காய்க்கிற பயிர்னா 14 மாசம், மண்ணுக்குள்ள விளையற கேரட், முள்ளங்கி, வெங்காயம் மாதிரின்னா 38 மாசம் வரைக்கும், தீவனப்புல்லு, மேல காய்க்கிற மத்த பயிருக்கு 30 நாள், மாடு ஆடு மேயவும் அதே 30 நாள். சவுக்கு, பருத்தி, தென்னைன்னு போனா இந்த தலைவலி கம்மி. முளைச்ச தக்காளிய பறிச்சு ரசம் வைக்காதீங்க, பிடுங்கி அங்கயே போட்டுடுங்க.

இதே சமயத்துல வேலை செஞ்சவங்கள கவனிங்க. பூட்ஸ், கையுறை இல்லாம மண்வெட்டி பிடிக்க விடாதீங்க, கை கால்ல புண்ணு இருக்கிறவங்கள அன்னைக்கு வேற வேலைக்கு அனுப்புங்க, சோப்பும் தண்ணியும் குவியல் பக்கத்துலயே இருக்கட்டும், வீட்டுக்கு போயி கழுவிக்கலாம்கிறது நடக்காது.

"விதை முளைக்கல, முளைச்சதும் கருகுது"

ரெண்டு காரணம். ஒண்ணு, கம்போஸ்ட் வேகல, அமோனியா இன்னும் வெளிய வந்துட்டு இருக்கு. இன்னொண்ணு உப்பு.

கண்டுபிடிக்க ஈரக் கம்போஸ்ட ஒரு ஜிப் கவர்ல அடைச்சு மூணு நாள் நிழல்ல வச்சு திறங்க. மூக்க எரிக்குதுன்னா அமோனியா, அழுகின வாடைன்னா பாதிதான் மக்கியிருக்கு. மழை பெஞ்ச மண்ணு வாசம் வந்தா சரக்கு ரெடி, அப்ப உப்பத்தான் சந்தேகப்படணும். உப்புக்கு ஈசி மீட்டர் (உப்பு எவ்ளோன்னு மின்கடத்துத்திறன வச்சு காட்டற கருவி) வேணும், நகர கம்போஸ்டுக்கு 4 dS/m தான் மேல் வரம்பு. மீட்டர் இல்லாதவங்க ரெண்டு தட்டுல பாசிப்பயறு போடுங்க, ஒண்ணுல வெறும் மண்ணு, இன்னொண்ணுல மண்ணும் கம்போஸ்டும் பாதிப்பாதி. ரெண்டாவது தட்டுல முளைப்பு கணிசமா குறைஞ்சா, இல்ல வேர் நுனி பழுப்பா சுருண்டா, போடறத நிறுத்துங்க.

அமோனியான்னா இன்னொரு மாசம் ரெண்டு மாசம் குவிச்சு விட்டா தானா போயிடும். உப்புன்னா காத்திருந்து பலன் இல்ல. நார்க்கழிவு சேத்தவங்க அதயே முதல்ல சோதிங்க, தேங்காய் மட்டைய உப்புத்தண்ணில ஊற வச்ச இடத்துலருந்து வந்த நார்க்கழிவு கழுவாம வந்தா ஸ்லட்ஜ விட அதுலதான் உப்பு ஜாஸ்தி, பழி மட்டும் ஸ்லட்ஜு மேல விழும்.

"நாத்தம், ஈ, பக்கத்து தோட்டத்துக்காரர் பஞ்சாயத்து"

மூக்க நம்புங்க. அமோனியா வாடைன்னா கார்பன் பத்தல, காய்ஞ்ச எல போட்டு புரட்டுங்க. அழுகின முட்டை வாடைன்னா காத்து போகல, ஈரம் அதிகம், பிரிச்சுப் போட்டு கரடுமுரடான சரக்கு (தட்டை, சுள்ளி) சேத்து திரும்ப ஏத்துங்க. ஈக்கு மருந்து அடிக்கிறத விட மேல அரை அடிக்கு பழைய கம்போஸ்டோ நார்க்கழிவோ போர்த்தி விடுங்க, ஈ முட்டை போட இடமே கிடைக்காது. வயல்ல போட்டா அன்னைக்கே ரோட்டோவேட்டர் விட்டு ஒரு அரை அடி ஆழத்துல கலந்துடணும், நாளைக்கு டிராக்டர் வரும்னு விட்டு வச்சா நைட்ரஜன் காத்துல போகும், வாடை ஊருக்குள்ள போகும். பக்கத்து தோட்டத்துக்காரர்கிட்ட லோடு வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடறது நல்லது, வந்த பிறகு சொன்னா எந்த லேப் ரிப்போர்ட்டும் எடுபடாது.

"கட்டி கட்டியா கிடக்கு, தண்ணி விட்டா மேலயே ஓடுது"

மெஷின்ல பிழியறப்ப தண்ணி பிரியறதுக்காக பாலிமர் சேப்பாங்க. அந்த கேக் முழுசா காய்ஞ்சுட்டா கல்லு கணக்கா ஆயிடும், தண்ணியும் உள்ள இறங்காது. அதனால முழுசா காய விடாம, அரை ஈரத்துல இருக்கும்போதே உடைச்சு கலந்து மக்க வைக்கணும். ஏற்கனவே வயல்ல கட்டியா கிடந்தா லேசா தெளிப்பு விட்டு ஒரு நாள் ஊற விட்டு ரோட்டோவேட்டர் ஓட்டுங்க, அப்புறம் தக்கைப்பூண்டோ சணப்போ விதைச்சு பூக்கிற சமயத்துல மடக்கி உழுங்க.

ஆனா கட்டி இல்லாமயே, மழை பெஞ்சா தண்ணி தேங்கி பால் கணக்கா கலங்கி நிக்குதுன்னா அது ஸ்லட்ஜ் பிரச்சனை கிடையாது, மண்ணே களர், அதாவது சோடியம் ஏறின மண்ணு. ஒரு பாட்டில்ல மழைத்தண்ணியோ காய்ச்சி வடிச்ச தண்ணியோ எடுத்து ஒரு ஸ்பூன் மண்ணு போட்டு குலுக்கி வைங்க, ஒரு நாள் ஆகியும் தெளியலன்னா சோடியம் ஜாஸ்தின்னு சந்தேகப்படலாம். திருச்சி மணிகண்டம் பக்கம் இருக்கிறவங்களுக்கு இது பழகின விஷயம், அங்க இருக்கிற வேளாண் கல்லூரி களர் தாங்கற நெல்லாவே திருச்சி 1, திருச்சி 3ன்னு ரகம் விட்டிருக்கு. இந்த மண்ணுக்கு ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணி தேக்கி, வடிச்சு விடணும். எத்தன லோடு ஸ்லட்ஜ் கொட்டினாலும் ஜிப்சம் வேலைய அது செய்யாது, ஜிப்சம் போட்ட பிறகு போட்டா மண்ணு சீக்கிரம் பொலபொலன்னு வரும்.

"செடி தளதளன்னு இருக்கு, காய்க்கல" / "அடி இலை ஓரம் கருகுது"

முதல்ல சொன்னது நைட்ரஜன் ஓவர். கணக்கு இப்படி: 10 டன் ஈரக் கேக்குல காய்ஞ்ச எடை 2 டன்தான். அதுல மூணு சதவீதம் நைட்ரஜன்னா 60 கிலோ. அது மொத்தமும் முதல் வருஷமே செடிக்கு கிடைக்காது, காத்தில்லாம செரிச்ச ஸ்லட்ஜுல இருக்கிற அங்கக நைட்ரஜன்ல அஞ்சுல ஒரு பங்கு, கம்போஸ்ட் ஆனதுல பத்துல ஒரு பங்கு அந்த மாதிரிதான், மிச்சம் அடுத்தடுத்த வருஷம் கொஞ்சம் கொஞ்சமா வரும். இத மறந்துட்டு வருஷா வருஷம் அதே அளவு போட்டு மேல யூரியாவும் போடறவங்களுக்குத்தான் பயிர் சாயும், பூ கொட்டும், சாறு உறிஞ்சற பூச்சி வந்து உக்காரும். மேல்மண்ணே இல்லாத நிலத்துக்கு முதல் தடவ மட்டும் தாராளமா போடலாம், அதுக்கப்புறம் ஏக்கருக்கு காய்ஞ்ச எடையில 2, 3 டன்னுக்கு மேல வேண்டாம், அதுவும் மண் பரிசோதனை பாத்துட்டு. யூரியா அந்த போகத்துக்கு நிறுத்திடுங்க.

ரெண்டாவது அறிகுறிய யாரும் எதிர்பாக்கிறதில்ல. பழைய இலை ஓரம் மஞ்சளாகி கருகுறது, வாழைல தென்னைல நல்லா தெரியும், அது சாம்பல் சத்து பற்றாக்குறை. பொட்டாசியம் தண்ணில கரைஞ்சு சுத்திகரிச்ச தண்ணியோடயே போயிடும், ஸ்லட்ஜுல தங்கறது அரை சதவீதம் கூட இருக்காது. மணிச்சத்து எக்கச்சக்கம், தழைச்சத்து நல்லா, சாம்பல் சத்து கிட்டத்தட்ட இல்ல, இப்படி ஒரு கோணலான உரம் இது. பொட்டாஷ் தனியா குடுத்தே ஆகணும். உப்பு நிலம்னா மியூரேட் ஆஃப் பொட்டாஷ் வேண்டாம், சல்பேட் ஆஃப் பொட்டாஷ் குடுங்க.

"புது இலை வெளுக்குது, நரம்பு மட்டும் பச்சை"

பழைய இலை இல்ல, குருத்து. இரும்புச் சத்து எடுக்க முடியல. முதல்ல சுண்ணாம்பு போட்டு பதப்படுத்தின ஸ்லட்ஜான்னு கேளுங்க, அதுக்கு பிஹெச் 12 வரைக்கும் ஏத்துவாங்க, நம்ம சுக்கான் மண்ணு ஏற்கனவே 8க்கு மேல, அது மேல இதுன்னா இரும்பு அடைச்சுக்கும். அந்த வகை ஸ்லட்ஜ் நமக்கு வேண்டாம். அவசரத்துக்கு பத்து லிட்டர் டேங்குக்கு 50 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கலந்து சாயங்காலமா அடிங்க, வாரம் பத்து நாள் இடைவெளில ரெண்டு மூணு தடவ.

நிலக்கடலைல இந்த வெளுப்போட தண்டு ஊதா கலர் அடிச்சு, அடித்தண்டு வெடிச்சிருந்தா துத்தநாகம் ஓவரான்னு பாக்கணும், கடலை அதுக்கு ரொம்ப பயந்த பயிரு. புளிப்பு மண்ணுலதான் இது பெருசா வரும். பிஹெச் ஆறரைக்கு மேல இருந்தா உலோகம் பெரும்பாலும் மண்ணோட கட்டிப்போய் கிடக்கும், கீழ இறங்கினா கரைஞ்சு செடிக்குள்ள போகும். இந்த ஒரு விஷயத்துல நம்ம சுக்கான் மண்ணு நமக்கு உதவி. நீலகிரி மாதிரி புளிப்பு மண்ணு, அதுவும் கேரட் உருளை போடற இடத்துல நான் ஸ்லட்ஜ் போடவே சொல்லமாட்டேன், யார் கேட்டாலும்.

"கிணத்துத் தண்ணி?"

இது கண்ணுக்கு தெரியாத அறிகுறி, அதனால தேடிப் போயி பாக்கணும். செடி எடுக்காத நைட்ரேட் மழையோட கீழ இறங்கி கிணத்துக்கு வரும், கப்பி மண்ணுல இன்னும் வேகமா. குடிநீருக்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் வரம்பு, கைக்குழந்தைக்கு அதுக்கு மேல ஆபத்து, காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது. ஸ்லட்ஜ் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவ, மழைக்காலம் முடிஞ்சு ஒரு தடவ டெஸ்ட் எடுங்க, முன்னாடி எடுக்கலன்னா பின்னாடி வர்ற நம்பருக்கு அர்த்தமே தெரியாது. கிணறு, வாய்க்கா, ஓடை பக்கத்துல குவியல் போடாதீங்க, மழை சீசனுக்கு நடுவுல பரப்பாதீங்க.

இன்னொரு கேள்வி இப்ப அடிக்கடி வருது, பிஃபாஸ்னு ஒரு அழியாத ரசாயனம், அதனால அமெரிக்கால மெய்ன் மாநிலம் 2022ல விவசாய நிலத்துல ஸ்லட்ஜ் போடறதயே தடை பண்ணிடுச்சு. சுவிட்சர்லாந்துல அதுக்கு முன்னாடியே நிறுத்திட்டாங்க. இது மக்க வச்சா போற சமாச்சாரம் இல்ல, சாதாரண மண் பரிசோதனைல தெரியவும் தெரியாது. தொழிற்சாலை தண்ணி கலக்காத சின்ன ஊர் நிலையத்து சரக்கா பாத்து எடுங்க, சாப்பாட்டுப் பயிருக்கு போகாம மரப்பயிர், பருத்தி இருக்கிற நிலத்துல போடுங்க. லோடு வந்த தேதி, எந்த நிலையம், எத்தன டன், எந்தப் பாத்தில போட்டீங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க, லேப் ரிப்போர்ட்டையும் அதுக்குள்ளயே சொருகி வச்சுடுங்க.